பயிற்சியாளர் லாயிட் காரை அனுப்பியது அந்தத் தோல்வி அல்ல

அமெரிக்கன் ஃபுட்பால் கல்லூரி அணி ஒன்றின் பயிற்சியாளரை நீக்கச் சொல்லி, "பேர் தெரியாத அணியான அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் தோற்றதுமே மிச்சிகன் பல்கலைக்கழகம் தன் பயிற்சியாளர் லாயிட் காரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது, இவரையும் அப்படியே அனுப்புங்கள்" என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். நடந்தது அதுவல்ல.

2007 செப்டம்பர் 1 அன்று, ஐந்தாம் தரவரிசையில் இருந்த மிச்சிகன் சொந்த மைதானத்தில் 34-32 எனத் தோற்றது உண்மை. கடைசி நொடிகளில் மிச்சிகன் உதைத்த ஃபீல்டு கோலை (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுக்கும் முயற்சி) அப்பலாச்சியன் வீரர் கோரி லிஞ்ச் பாய்ந்து தடுத்துவிட்டார். அடுத்த வாரம் ஆரிகானிடம் 39-7 என்று இன்னும் மோசமான அடி. அப்போதும் காரை யாரும் நீக்கவில்லை. அப்புறம் அதே அணி தொடர்ந்து எட்டு ஆட்டங்களை வென்றது. ஓய்வு பெறப்போவதாக அவரே அறிவித்தது நவம்பரில், ஒஹையோ ஸ்டேட்டிடம் தோற்ற பிறகு. ஜிம் டிரெசல் அங்கே பயிற்சியாளராக வந்தபின் அந்தப் பரம எதிரியை ஏழு முறை சந்தித்து ஒரே முறைதான் கார் வென்றிருந்தார். ரசிகர்களை உண்மையில் அரித்தது அந்தக் கணக்குதான்.

"பேர் தெரியாத அணி" என்பதும் அநியாயம். அப்பலாச்சியன் ஸ்டேட் அன்று ஆடிய, மிச்சிகனுக்கு ஒரு படி கீழான பிரிவில் 2005, 2006 என இரண்டு ஆண்டும் சாம்பியன். 2007-லும் பட்டம் அவர்களுக்கே. அப்போது மிச்சிகன் 85 வீரர்களுக்கு உதவித்தொகை தர முடிந்தது, இவர்களின் பிரிவில் வரம்பு 63 மட்டுமே இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஜெயித்த பிள்ளைகளை இப்படிச் சொல்லாதீர்கள்.

காரின் கடைசி ஆட்டத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: 2008 ஜனவரி 1, ஃபுளோரிடாவுக்கு எதிராக 41-35 வெற்றி.