முப்பது நாள் நோட்டீஸ் யாருக்காக?

ஓர் இந்துவும் ஒரு முஸ்லிமும், இருவரில் யாரும் மதம் மாறாமல், இந்த நாட்டில் முறையாகக் கல்யாணம் செய்துகொள்ள நினைத்தால் அதற்கு இருப்பது 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் ஒன்றுதான். அடிப்படையில் நல்ல சட்டம். சாதி கேட்காது, மதம் கேட்காது, ஐயரும் வேண்டாம் ஹஜ்ரத்தும் வேண்டாம். மூன்று சாட்சிகள் போதும். ஆனால் அதன் 5, 6, 7 ஆகிய பிரிவுகளைப் படித்தால், ஒரு கையால் கொடுத்துவிட்டு மறு கையால் பிடித்து வைத்துக்கொண்டது போல இருக்கும்.

முதலில், இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாளாவது குடியிருந்திருக்க வேண்டும். அப்புறம் திருமண அதிகாரியிடம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அவர் அதை அலுவலகத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டுவார். நோட்டீஸ் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் புரட்டிப் பார்க்கலாம். ஜோடியில் ஒருவருடைய நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால், அந்த ஊர் அலுவலகத்துக்கும் ஒரு நகல் போய் அங்கும் ஒட்டப்படும். அதாவது, எந்த ஊரை விட்டுத் தப்பி வந்தார்களோ அந்த ஊருக்கே அரசு செலவில் தகவல் போகிறது. பிறகு 30 நாள் காத்திருக்க வேண்டும், யாராவது ஆட்சேபம் சொல்கிறார்களா என்று.

நண்பன் ஒருவனுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட ரெஜிஸ்டர் ஆபீஸ் போயிருந்தபோது அந்தப் பலகையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பெயர், பிறந்த தேதி, என்ன வேலை, ஏற்கெனவே திருமணமானவரா, இப்போது எங்கே தங்கியிருக்கிறார், எவ்வளவு காலமாக, சொந்த ஊர் முகவரி என்ன, எல்லாம் வரிசையாக இருந்தது. மேலே பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. பத்திரம் பதிய வந்தவர்கள் டோக்கனுக்குக் காத்திருந்த நேரத்தில் பொழுது போகாமல் அதைப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் போனை எடுத்து நிதானமாகப் படம் பிடித்தார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது, அதைப் பார்ப்பது அவருக்குச் சட்டம் கொடுத்திருக்கும் உரிமை. ஒரு பெண் எங்கே ஒளிந்திருக்கிறாள் என்று தேடி அலைபவனுக்கு இதைவிட வசதியான தகவல் பலகை கிடைக்காது. 2020இல் கேரளத்தில் இதே நோட்டீஸ்களைப் பதிவுத்துறையின் இணையதளத்திலிருந்து எடுத்து, 'லவ் ஜிகாத்' என்று தலைப்பு வைத்து வாட்சப்பில் சுற்றவிட்டார்கள். அதன் பிறகுதான் இணையத்தில் ஏற்றுவதை அந்த அரசு நிறுத்தியது. பலகையில் ஒட்டுவது நிற்கவில்லை.

இதற்குச் சொல்லப்படும் நியாயத்தையும் பார்ப்போம். ஏற்கெனவே மனைவி இருப்பவன் அதை மறைத்து இன்னொரு பெண்ணை ஏமாற்றக் கூடாது. வயது குறைந்த பெண்ணை யாரும் கூட்டிவந்து கட்டிவைக்கக் கூடாது. இது பொது நலன்தான், இதில் எனக்குத் துளியும் மாற்றுக் கருத்து இல்லை. நான்கு சுவருக்குள் நடப்பதில் அரசுக்கு என்ன வேலை என்ற வாதத்தை நான் ஏற்பவனும் இல்லை. அப்படிப் பேசியே வரதட்சணையையும் அடி உதையையும் எத்தனை காலம் 'குடும்ப விவகாரம்' ஆக்கி வைத்திருந்தோம்! வீட்டுக்குள் ஒருவர் அடிபட்டால் அரசு கதவைத் தட்டத்தான் வேண்டும்.

ஆனால் அரசு தெரிந்துகொள்வது வேறு, தெருவுக்கே தெரிவது வேறு. மாப்பிள்ளைக்கு 21, பெண்ணுக்கு 18 ஆகிவிட்டதா என்பதற்குப் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. விவாகரத்து ஆனவர் என்றால் தீர்ப்பு நகல், துணையை இழந்தவர் என்றால் இறப்புச் சான்றிதழ். இதையெல்லாம் சரிபார்க்க வேண்டியவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அதிகாரி. டோக்கனுக்குக் காத்திருப்பவர்களுக்கு இதில் என்ன வேலை?

நம்மூர் தேவாலயங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள், இன்னாரும் இன்னாரும் கட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று. அதில் ஓர் அர்த்தம் உண்டு. கேட்பவர்கள் அந்தப் பங்கு மக்கள், இரண்டு வீட்டையும் தெரிந்தவர்கள். 'ஐயா, இவருக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறது' என்று எழுந்து சொல்ல அங்கே ஆள் இருக்கும். சென்னையில் ஓர் அலுவலகச் சுவரில் ஒட்டிய தாளை, திண்டுக்கல்லில் கைக்குழந்தையோடு இருக்கும் முதல் மனைவி எப்படிப் பார்ப்பாள்? பார்க்கப்போவது வேவு பார்க்கவென்றே வருபவர்கள்தான்.

இன்னொரு விஷயம்தான் எனக்கு உறுத்தல். இருதார மோசடியைத் தடுக்கத்தான் நோட்டீஸ் என்றால், இந்து திருமணச் சட்டத்தில் அது ஏன் இல்லை? மண்டபம் பிடித்துத் தாலி கட்டுபவர்களில் மோசடிக்காரனே கிடையாதா? அங்கே முன்கூட்டி நோட்டீஸ் கிடையாது, முப்பது நாள் கிடையாது, ஆட்சேபம் கேட்கும் அதிகாரியும் கிடையாது. கல்யாணம் முடிந்த பிறகு பதிவு செய்தால் போதும். சுயமரியாதைத் திருமணத்துக்கும் அப்படியே. 1967இல் அண்ணா முதல்வராக இருந்தபோது இந்து திருமணச் சட்டத்தில் கொண்டுவந்த 7ஏ பிரிவின்படி, உற்றார், நண்பர் என்று யாராவது முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் அது கல்யாணம்.

அதிலும் ஒரு சிக்கல் வந்தது. வக்கீல் அலுவலகத்தில் ரகசியமாக நடக்கும் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2014இல் சொல்லியிருந்தது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தக் கருத்தைத் தள்ளிவிட்டது. வீட்டு எதிர்ப்புக்கு அஞ்சி நிற்கும் ஜோடியை ஊரறிய அறிவித்துக் கட்டிக்கொள்ளச் சொன்னால் அவர்கள் உயிருக்கே ஆபத்தாக முடியலாம் என்பதை நீதிபதிகள் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். சரியான பார்வை. ஆனால் 7ஏ இரண்டு இந்துக்களுக்கு இடையே மட்டும்தான். ஆக, சாதி மாறிக் கட்டும் இந்து ஜோடிக்கு ஊரறிய அறிவிப்பது ஆபத்து என்று சட்டத்துக்குப் புரிகிறது. மதம் மாறாமல் கட்டும் இந்து–முஸ்லிம் ஜோடிக்கு மட்டும் அதே ஆபத்தை அதே சட்டம் பலகையில் ஒட்டுகிறது. இதை எந்தக் கணக்கில் பொது நலன் என்பது?

ஆட்சேபம் விஷயத்துக்கு வருவோம். சாதி பிடிக்கவில்லை, அப்பாவுக்குச் சம்மதமில்லை என்பதெல்லாம் சட்டப்படி ஆட்சேபமே ஆகாது. வயது, உயிரோடிருக்கும் துணை, மனநிலை, தடைசெய்யப்பட்ட உறவுமுறை, இவ்வளவுதான் காரணங்கள். ஆனாலும் ஒருவர் பொய்யாகவே எழுதிக் கொடுத்தாலும் விசாரணை முடியும்வரை கல்யாணம் நிற்கும், அதற்கு இன்னொரு 30 நாள் வரை போகலாம். பொய் என்று தெரிந்தால்? நல்லெண்ணமில்லாமல் ஆட்சேபித்தவரிடமிருந்து அதிகபட்சம் 1,000 ரூபாய் வாங்கித் தரலாம். 1954இல் அது பெரிய தொகை. இன்று ஒரு குடும்பம் ஓட்டலில் ஒரு வேளை சாப்பிடும் காசு.

2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம், ஜோடி எழுத்துமூலம் கேட்டால் மட்டும் நோட்டீஸ் ஒட்டினால் போதும், இல்லையென்றால் ஒட்டத் தேவையில்லை என்றது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்ன தீர்ப்பையும் துணைக்கு எடுத்துக்கொண்டது. ஆனால் சட்டத்தின் எழுத்து மாறவில்லை. இன்னொரு பக்கம் காற்று எதிர்த்திசையில் அடிக்கிறது. உத்தராகண்டின் பொது சிவில் சட்டத்தில், கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்களும் பதிய வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதியாவிட்டால் சிறைகூட உண்டு. ஒருவருக்கு 21 வயது ஆகவில்லை என்றால் பெற்றோருக்குத் தகவல் போகும். ஓட்டுப் போட 18 போதும், யாரோடு இருப்பது என்பதற்கு அப்பா அம்மாவுக்குக் கடிதம்!

சரி, நோட்டீஸை எடுத்துவிட்டால் ஏமாற்றப்படும் முதல் மனைவிக்கு என்ன வழி? வெறுமனே எடுத்துவிட நானும் சொல்லவில்லை. தன் கணவன் இன்னொரு கல்யாணத்துக்கு முயல்கிறான் என்று சந்தேகப்படும் பெண், தன் திருமணச் சான்றோடு பதிவுத்துறையில் முன்கூட்டியே ஒரு மனு போட்டு வைக்க வழி செய்யலாம். அந்தப் பெயரில் எங்கே விண்ணப்பம் வந்தாலும் அவளுக்குத் தகவல் போகட்டும். தகவல் தேவைப்படுபவருக்கு மட்டும் போகும், பலகையில் ஒட்டுவதைவிட இது அவளுக்கும் உருப்படியாகப் பயன்படும்.

டெல்லி மனது வைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். திருமணம், மத்திய அரசும் மாநிலமும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலில் இருக்கிறது. மத்திய சட்டத்தில் மாநிலம் திருத்தம் கொண்டுவந்து குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெறலாம். 1967இல் நாம் செய்தது அதைத்தான். ஆணவக் கொலைகளைத் தடுக்கச் சட்டம் பரிந்துரைக்க, ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஓர் ஆணையம் அமைக்கப்படும் என்று 2025 அக்டோபரில் தமிழக அரசு அறிவித்தது. கொன்றவனுக்கு என்ன தண்டனை என்று யோசிக்கும் அந்த மேசையில், முகவரியை அவன் கையில் கொடுக்கும் 6ஆம் பிரிவையும் யாராவது எடுத்து வைக்க வேண்டும்.