பாசார் மலாயை மறந்துவிட்டீர்களே

பல நாட்டு மக்களை நண்பர்களாக்க ஆங்கிலத்தை விட்டால் வேறு பாலம் இல்லை என்று நான் படித்த இந்தக் கட்டுரை சொல்லும் இடத்தில்தான் எனக்கு இடறுகிறது. ஆங்கிலத்தின் வழியாகப் பல நாட்டு மக்களை இணைக்கும் அமைப்பான இங்கிலிஷ் ஸ்பீக்கிங் யூனியனை ஈவ்லின் ரெஞ்ச் 1918இல் தொடங்கியபோது அவர் மனத்தில் முதலில் இருந்தவை பிரிட்டனும் அமெரிக்காவும். இரண்டுமே வீட்டில் ஆங்கிலம் பேசும் நாடுகள். நம் சிங்கப்பூர்க் கதை வேறு. குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி புளோக்கில் இருந்த என் பாட்டிக்கு 'தேங்க்யூ' தவிர ஆங்கிலம் தெரியாது. எதிர்வீட்டில் இருந்த, ஹொக்கியென் பேசும் சீன ஆன்ட்டியோடு 30 வருடம் பாசார் மலாயிலேயே, அதாவது பல இனத்தாரும் சந்தையில் பேசிய எளிய மலாயிலேயே, ஓட்டினார். தினமும் "சுடா மாக்கான்?", அதாவது சாப்பிட்டாச்சா, என்றுதான் பேச்சு தொடங்கும். சண்டையும் அதிலேயே, தீபாவளிக்கு முறுக்கு போகும், சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சு வரும். அந்த ஆன்ட்டி இறந்தபோது பாட்டி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சரி, என் மகள் ஒரு பேச்சுப் போட்டிக்குப் போய் வியட்நாம் பெண் ஒருத்தியைத் தோழியாக்கிக்கொண்டாள். அது ஆங்கிலத்தால்தான், மறுக்கவில்லை. ஆனால் நம் பேச்சு ஆங்கிலமான சிங்கிலிஷில் பேசினால் வெளிநாட்டார் யார் மதிப்பார்கள் என்று கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர் கேட்கிறாரே, என் மகளும் அந்தத் தோழியும் இப்போது வாட்ஸ்அப்பில் பேசுவதைக் கேட்டால் பாதிக்குப் பாதி வாக்கியத்தின் முடிவில் சிங்கிலிஷின் 'லா'தான். வியட்நாம் பெண்ணுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.