ஃபைபர் இணைப்பில் சொந்த ரவுட்டர் மாட்டக் கூடாதா?

"ஃபைபர் லைனில் கம்பெனிக்காரன் கொடுத்த பெட்டியைத் தவிர வேறு ரவுட்டர் மாட்டினால் லைன் எரிந்துவிடும், நெட்டே வராது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

கண்ணாடி இழையில் வருவது ஒளி. எரிவதற்கு அதில் மின்சாரமே இல்லை. அந்த ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றும் பெட்டிதான் ஓஎன்டி. குழப்பம் இங்கேதான். பரவலாக உள்ள ஜிபான் (GPON) என்ற ஃபைபர் முறையில் ஓர் இழையை 32, 64 வீடுகள்கூடப் பகிர்ந்துகொள்ளும். அதனால் ஓஎன்டியின் சீரியல் எண்ணைப் பார்த்துத்தான் நிறுவனம் உள்ளே விடும். கடையில் வாங்கிய ஓஎன்டியை நாமாக மாட்டினால் பெரும்பாலும் வேலை செய்யாது.

ரவுட்டர் வேறு. ஓஎன்டியின் லேன் போர்ட்டிலிருந்து ஒரு கேபிளை இழுத்து உங்கள் ரவுட்டரில் இணையம் உள்ளே வரும் வேன் (WAN) போர்ட்டில் செருகினால் பொதுவாக நெட் வந்துவிடும். ஓஎன்டி, ரவுட்டர் இரண்டுமே முகவரி மாற்றும் வேலையைச் செய்வதால் (இரட்டை NAT) கேம், சிசிடிவி சிக்குகிறதா? ஓஎன்டியை பிரிட்ஜ் முறைக்கு (ரவுட்டர் வேலையை விட்டு, சமிக்ஞையை அப்படியே கடத்தும் முறை) மாற்றச் சொல்லி, உங்கள் ரவுட்டர் இணையத்தில் நுழையத் தேவையான பிபிபிஓஇ (PPPoE) பயனர்பெயர், கடவுச்சொல், தேவைப்பட்டால் நிறுவனம் இணைய லைனுக்குத் தரும் விலான் (VLAN) எண் கேட்டு வாங்குங்கள். கஸ்டமர் கேரில் இழுத்தடிக்கலாம், அது தனிக்கதை. ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல் இந்த விவரங்களைத் தருவது நிறுவனத்தின் சட்டக் கடமை.

அப்புறம், லேண்ட்லைன் போன் இருந்தால் அதை ஓஎன்டியிலேயே விட்டுவிடுங்கள்.