விண்ட்சர் கோட்டைப் பிள்ளைகளும் ஆக்ராவிலிருந்து போனவர்களும்

1854 பிப்ரவரி 10, விண்ட்சர் கோட்டை. பிரிட்டன் ராணி விக்டோரியா, அவர் கணவர் ஆல்பர்ட் திருமண நாள். பிள்ளைகள் சேர்ந்து பெற்றோருக்கு ஒரு டாப்லோ போட்டார்கள். வேடம் கட்டிக்கொண்டு ஓவியம் போல அசையாமல் நிற்பதுதான் விளையாட்டு; கதை நான்கு பருவங்கள். பூத்தூவும் வசந்தம் பத்து வயது ஆலிஸ். கோடைக் காட்சியில் அக்காவோடு மூன்று வயது ஆர்தர், அறுவடைக் களைப்பில் கதிர்க்கட்டில் சாய்ந்தபடி. தலையில் திராட்சை இலை, உடம்பில் சிறுத்தைத் தோல், இவர் ஆல்ஃபிரட், இலையுதிர் காலம். குளிர்காலம் யார் தெரியுமா? பின்னாளில் ஏழாம் எட்வர்டாக முடிசூடியவர்தான். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது.

ரோஜர் ஃபென்டன் இதைப் படமெடுத்தார். அடுத்த ஆண்டே கிரிமியப் போர்க்களத்துக்குக் கேமராவோடு போன அதே ஃபென்டன். அந்தக் காலத்தில் ரசாயனம் பூசி, ஈரம் காயும் முன் பயன்படுத்திய கண்ணாடித் தகட்டில் படம் விழச் சில நொடிகளாவது ஆகும், ஆடினால் கலங்கிவிடும். அசையாமல் நிற்பதையே விளையாட்டாக வைத்திருந்தவர்கள் கேமராவுக்குக் கிடைத்தால் கேட்கவா வேண்டும்! கார்ல் ஹாக் என்ற ஓவியர் பிறகு பிரதிகள் மேல் வண்ணம் பூசினார். எனக்கு வண்ணம் பூசாததுதான் பிடிக்கும். அதில் தெரிவது அரச குடும்பம் அல்ல, நாடகம் போட்டுக் களைத்துப்போன வீட்டுப் பிள்ளைகள்.

சரி, இதே குடும்பம் முப்பத்து நான்கு வருஷம் கழித்து, 1888இல், ஆஸ்போர்ன் மாளிகையில் போட்ட டாப்லோக்களுக்கு வருவோம். இவற்றை என்னால் அப்படி ரசிக்க முடியவில்லை. ஷீபா நாட்டு ராணி எருசலேமுக்குச் சாலமோன் அரசரைப் பார்க்க வரும் விவிலியக் காட்சி ஒன்று. கிழக்கு நாட்டுக் கதை என்றால் ஆள் வேண்டுமே? முந்தைய ஆண்டு ராணியின் ஆட்சிப் பொன்விழா சமயத்தில் இந்தியாவிலிருந்து பணியாளர்கள் வந்திருந்தார்கள், கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். ஆக்ரா எங்கே, எருசலேம் எங்கே! தலைப்பாகை இருந்தால் போதும் என்று நினைத்துவிட்டார்கள் போல. இளவரசிகளுக்கு அது ஒரு நாள் வேடம், கலைத்துவிட்டுப் போய்விடலாம். இவர்கள் கலைப்பதற்கு என்ன இருந்தது?

"அந்தக் காலம் அப்படி, விளையாட்டுதானே" என்பார்கள். விளையாட்டுதான். ஆனால் இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராத ஒரு பேரரசியின் வீட்டில், அவரிடம் சம்பளம் வாங்குபவர்களை நிறுத்தி ஆடிய விளையாட்டு.

அப்புறம் ஒன்று. வந்தவர்களில் அப்துல் கரீம் ராணிக்கு இந்துஸ்தானி மொழி சொல்லிக்கொடுத்தார், அதே 1888இல் முன்ஷியாக, அதாவது மொழி ஆசிரியராக, பதவி உயர்வும் பெற்றார். அவர் மேசையில் உணவு பரிமாறுவது போன்ற புகைப்படங்கள் மதிப்புக் குறைவு என்று அழிக்கப்பட்டன. வேடம் போட்டு நின்ற படங்களை யாரும் அழிக்கவில்லை. அவை இன்னும் இருக்கின்றன.