மீன்தொட்டிக் கசிவுக்கு வெளியே எம்-சீல் பூசாதீங்க

மாடிவீட்டில் வைத்திருக்கும் மீன்தொட்டி கசியுதுன்னு கேட்ட கும்பகோணத்துக்காரருக்கு, "தண்ணியை இறைக்க வேண்டாம், கசியுற இடத்துல வெளியே எம்-சீல் (பிசைந்து அப்பும் எபாக்சி பசை) அப்புங்க" என்று ஒருத்தர் சொன்ன பதில் தவறு. தண்ணீர் உள்ளிருந்து தள்ளும், வெளிப்பூச்சு உரிந்துவிடும். 3×1½×1½ அடி தொட்டி என்றால் சுமார் 190 லிட்டர். மூட்டு விட்டால் அத்தனையும் கீழ்வீட்டு சீலிங்குக்குத்தான்.

முதலில் ஒன்றைப் பாருங்க: கரண்ட் போன பிறகுதான் தரை நனையுதா? ஏர் பம்ப் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் டியூப் வழியாகத் தண்ணீர் திரும்பி வழியும். பம்பை மேலே மாட்டுங்க, அல்லது டியூபில் ஒருவழி வால்வு போடுங்க. சில நேரம் "கசிவு" இதுவாகவே இருக்கும்.

மூட்டோரம் வெள்ளை உப்புக்கோடு இருந்தால் நிஜக் கசிவு. மீனை மாற்றி, தொட்டியைக் காலி செய்து, உள்மூலையில் உள்ள பழைய சிலிக்கான் பசையைப் பிளேடால் முழுசாச் சுரண்டுங்க. மிச்சம் இருந்தால் அதன்மேல் புதுசு சரியா ஒட்டாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்ததும் மீன்தொட்டிக்கான சிலிக்கான் போடுங்க. பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த பாத்ரூம் சிலிக்கான் மீனைக் கொல்லும். குறைந்தது 48 மணி நேரம் காயணும். பிறகு முற்றத்தில் வைத்து, பாதி நிரப்பிப் பார்த்து, அப்புறம் முழுசா நிரப்பி ஒருநாள் விடுங்க. கண்ணாடிகளுக்கு இடையிலுள்ள ஒட்டே பிரிந்திருந்தால் பூச்சு பத்தாது, அந்தப் பக்கத்தைக் கழற்றி மறுபடி ஒட்டணும்.