வெந்நீருக்கு இவ்வளவு பாடா

ஆர்வி எனும் வீட்டு வசதியுள்ள பயண வண்டியில் வாட்டர் ஹீட்டர் மக்கர் பண்ணினால், எது போச்சு என்று கண்டுபிடிப்பதற்குள் உயிரே போய்விடுகிறது. கொலராடோ மலைக்குளிரில் பிள்ளைகளைப் பச்சைத் தண்ணீரில் குளிக்கச் சொல்ல முடியுமா? சர்வீஸுக்குக் கூப்பிட்டால், எதையும் சோதிக்காமலே "போர்டை மாத்துங்க" என்கிறார்கள், ஹீட்டரை இயக்கும் மின்சுற்றுப் பலகையைத்தான். அதற்கு ஒரு பெரிய பில் வேறு.

கோளாறோ சூட்டைக் கட்டுப்படுத்தும் காசு அளவுத் தெர்மோஸ்டாட்டில். ஹீட்டரின் வெளிக் கதவைத் திறந்தால், தண்ணீர் டாங்கியோடு ஒட்டி இரண்டு வட்டுகள். பல மாடல்களில் ஒன்று சுமார் 60 டிகிரி செல்சியஸில் சூட்டை நிறுத்தும். மற்றது 82 டிகிரி வாக்கில் மொத்தமாக வெட்டிவிடும் பாதுகாப்பு சுவிட்ச். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி. தண்ணீர் ஆறியபின் மின்சாரத்தையும் கேஸையும் அணைத்து, ஒயரைக் கழற்றி, மின்னிணைப்பைச் சோதிக்கும் மல்டிமீட்டரை வைத்தால், சுவிட்ச் நன்றாக இருந்தால் மீட்டர் பீப் என்று கத்த வேண்டும். எங்கள் தெர்மோஸ்டாட்டில் வைத்தபோது கத்தவே இல்லை. முனையெல்லாம் பச்சைக் களிம்பு.

இதைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? மீட்டரை வைத்துப் பார்க்காமல் போர்டை விற்பது அநியாயம். சரி, தயாரிப்பவர்களாவது எந்த சுவிட்ச் போச்சு என்று காட்ட ஒரு சின்ன விளக்கு வைக்கக் கூடாதா?