மலக்குழாயைக் குடிநீர்க் குழாயில் கழுவுகிறவர்களே

போதும். இனி நயமாகச் சொல்லிப் பயனில்லை. ஆர்வி என்கிற வீட்டு வண்டி ஓட்டுகிற ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன்: வண்டியின் கழிவைக் கொட்டுகிற டம்ப் ஸ்டேஷனில் "குடிநீர்" என்று பலகை மாட்டிய குழாய்க்கும் "இது குடிப்பதற்கு அல்ல" என்று பலகை மாட்டிய குழாய்க்கும் உள்ள வித்தியாசம் உங்கள் கண்ணுக்குத் தெரியவே தெரியாதா? இரண்டையும் வேண்டுமென்றே தள்ளித் தள்ளி வைத்திருக்கிறார்கள். எழுத்து கைப்பிடி அளவுக்குப் பெரிதாக இருக்கிறது. அதற்குப் பிறகும் பிளாக் டேங்கை, அதாவது மலத்தொட்டியை, காலி செய்த ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு நேராகக் குடிநீர்க் குழாயை நோக்கி நடக்கிற மனிதரை நான் எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இதைப் பார்க்காதவர்கள் உங்களில் யாரும் இருக்க முடியாது. நான் இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பார்த்தேன். அமெரிக்காவின் தெற்கு யூட்டா. பகல் 11 மணிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பதால் கேம்ப்கிரவுண்டில் இருந்த வண்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் டம்ப் ஸ்டேஷனில் வந்து நின்றன. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு பிக்கப் டிரக்கும் அது இழுத்துவந்த நீளமான ஃபிஃப்த் வீலும் (டிரக்கின் முதுகில் மாட்டி இழுக்கிற வீட்டு வண்டி). பின்னால் ஏழெட்டு வண்டிகள்.

அவர் இறங்கினார். கையுறை இல்லை. ஹோஸை எடுத்தார், வண்டியில் மாட்டினார், மறுமுனையைத் தரையில் உள்ள துளைக்குள் சும்மா செருகினார். அதைப் பிடித்து நிறுத்த ஒரு வளையம் இல்லை, மேலே வைக்க ஒரு கல் இல்லை. பிறகு வால்வை இழுத்தார். எந்த வால்வை? கிரே டேங்க் வால்வை. பாத்திரம் கழுவிய தண்ணீரும் குளித்த தண்ணீரும் முதலில் போயின. அது முடிந்த பிறகுதான் பிளாக் டேங்க். தலைகீழ். வண்டி வாங்கிய அன்று யாராவது ஒரு வரி சொல்லியிருந்தால்கூடப் போதும்: முதலில் மலத்தொட்டி, அடுத்தது சோப்புத் தண்ணீர். ஏன் என்றால் பின்னால் வருகிற சோப்புத் தண்ணீர் ஹோஸைத் தானே அலசிவிடும். கழுவுகிற வேலையில் முக்கால்வாசி அதிலேயே முடிந்துவிடும். இவர் மாற்றிச் செய்ததால் ஹோஸ் முழுக்க அசிங்கம். அது நெளிநெளியாக மடிப்பு வைத்த ஹோஸ் அல்லவா? ஒவ்வொரு மடிப்பிலும் பழுப்பு நிறத்தில் தேங்கி நின்றது. அவர் அதைக் கழற்றித் தூக்கியபோது சிமெண்டுத் தரையில் கோடு போட்டதுபோல் ஒழுகியது.

சரி, பக்கத்திலேயே கழுவுகிற குழாய் தொங்குகிறது. அதற்காகவே வைத்தது. அதைத் திறந்தார். தண்ணீர் மெலிதாக வந்தது. அவ்வளவுதான், அவருக்குப் பொறுமை போய்விட்டது. இரண்டு நிமிடம் நின்றிருந்தால் வேலை முடிந்திருக்கும். சுற்றும் முற்றும் பார்த்தார். வண்டியின் பின்பக்கம் சுற்றிக்கொண்டு, குடிநீர் பிடிக்கிற இடத்துக்கு, ஒழுகுகிற ஹோஸோடு நடந்தார்.

நான் ஹாரன் அடித்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

ஹோஸின் வாயை அந்தக் குடிநீர்க் குழாயின் மீது தூக்கி மாட்டினார். மேலே பிடித்துத் தண்ணீர் ஊற்றவில்லை, மாட்டினார். பித்தளைக் குழாயின் மரை வைத்த முனை முழுதும் அந்த ஹோஸுக்குள் போய்விட்டது. ஒரு கையால் ஹோஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் குழாயைத் திறந்தார். எந்தக் கை? வால்வை இழுத்த அதே கை. மலத்தில் நனைந்த அதே கை. தண்ணீர் ஹோஸில் நிறைந்து எதிர்த்து வந்து குழாயின் கழுத்தெல்லாம் வழிந்தது. அவர் ஹோஸைக் குலுக்கினார். மறுபடியும் மாட்டினார். மறுபடியும் குலுக்கினார்.

நான் இறங்கி ஓடினேன். "ஐயா, இது குடிநீர்க் குழாய்" என்று சொன்னேன். பலகையைக் காட்டினேன். அவர் சொன்ன பதிலை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. "தண்ணீர்தானே, அது வெளியேதானே வருகிறது, உள்ளே ஒன்றும் போகாது" என்றார்.

உள்ளே போகாதா? ஊர்க்குழாயில் எங்கேயாவது அழுத்தம் சட்டென்று குறைந்தால் முனையில் இருப்பதைக் குழாய் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் இத்தகைய குழாய்களின் முனையில் ஒரு சிறிய வால்வு பொருத்துகிறார்கள். வருகிறவர்கள் ஹோஸை மாட்டி இழுத்து அதை உடைத்துவிட்டுப் போன குழாய்கள் எத்தனை! சரி, உள்ளே போகவில்லை என்றே வைத்துக்கொள்வோம். வெளியே ஒட்டிக்கொண்டது எங்கே போகும்? அடுத்து வருகிறவரின் வெள்ளை நிறக் குடிநீர் ஹோஸில் போகும். அவருடைய குடிநீர்த் தொட்டிக்குள் போகும். நோரோ வைரஸ், ஹெபடைடிஸ் ஏ, ஈகோலை எல்லாம் மனித மலத்தின் வழியே பரவுகிறவை. நோரோ வைரஸ் நோய் உண்டாக்க மிகச் சிறிய அளவே போதும். அழுக்கு வெறும் கண்ணுக்குத் தெரியாமல் போனதும் ஆபத்தும் போய்விட்டது என்று எவர் சொல்லிக்கொடுத்தார்?

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே பின் வண்டியிலிருந்து வயதான ஒரு அம்மா நீல நிற கேனோடு வந்துவிட்டார். வண்டித் தொட்டியில் பிடிப்பதற்கு அல்ல, குடிப்பதற்கு. கேனின் வாயை அந்த முனையில் வைக்கப் போனவரைக் கைநீட்டித் தடுத்தேன். விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மாவின் முகம் போன போக்கு! இதற்குள் நம் ஆள் ஹோஸை மடக்கி வைத்துவிட்டு, அதே இடத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டே, அதே குழாயில் தன் குடிநீர் ஹோஸை மாட்டித் தொட்டியை நிரப்பத் தொடங்கினார். ஆமாம், தான் அசிங்கப்படுத்திய அதே குழாயில். பின்னால் ஏழெட்டு வண்டிகள் காத்திருக்க. அந்த அளவு வண்டியில் 60 கேலன் தொட்டி சாதாரணம். 225 லிட்டருக்கும் மேல். அந்தக் குழாய் வேகத்தில் அது நிறையும்வரை நாங்கள் எல்லோரும் வெயிலில் நிற்க வேண்டும். நின்றோம். அவர் அந்த நேரத்தில் டிரக்கின் கண்ணாடியைத் துடைத்தார்.

என் மாமியார் ஊரிலிருந்து வந்து எங்களோடு பயணம் செய்கிறார். ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர் நான் ஏறியதும் ஒன்றே ஒன்று கேட்டார்: "ஏன் அம்மா, வந்த அன்றைக்கு அந்தக் குழாயில்தானே நாமும் பிடித்தோம்?" என்ன சொல்ல முடியும்? "பிடிக்கும் முன்னால் துடைத்தோம் அத்தை, பயப்படாதீர்கள்" என்றேன். உண்மைதான். எந்த ஊர்க் குழாயாக இருந்தாலும் முனையைப் பிளீச் கலந்த தண்ணீரால் நன்றாக நனைத்து, சில நிமிடம் விட்டு, குழாயைத் திறந்துவிட்டு ஓடவைத்துப் பிறகுதான் எங்கள் ஹோஸை மாட்டுவோம். எல்லோரும் அப்படியே செய்யுங்கள். ஆனாலும் ஒரு குடிநீர்க் குழாயை நம்பித் தொட முடியாத நிலைக்கு நம்மைக் கொண்டுவந்துவிட்டவர்கள் யார் என்பதையும் மறக்காதீர்கள்.

தெரியாமல் செய்கிறார்கள், பாவம், என்று சிலர் வக்காலத்து வாங்குகிறார்கள். தெரியாவிட்டால் கேட்க வேண்டியதுதானே! 12 மீட்டர் நீள வீட்டை நெடுஞ்சாலையில் இழுத்துக்கொண்டு போகத் தெரிகிறது. வாடகைக்கு எடுக்கிறவர்கள் கதை இன்னும் மோசம். வாடகைக்குக் கொடுக்கிறவர்கள் ஏசியை எப்படிப் போடுவது, டிவியை எப்படித் திருப்புவது என்பதையெல்லாம் விளக்கிவிட்டு, கழிவுத் தொட்டி விஷயத்தை ஒற்றை வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள். இதற்கு ஏன் கூச்சம்? தினமும் நடக்கிற காரியம்.

எனவே நானே சொல்கிறேன், இந்தக் கோடையில் வண்டி எடுக்கப் போகிறவர்கள் காதில் போட்டுக்கொள்ளுங்கள். குடிநீர் ஹோஸும் கழுவுகிற ஹோஸும் வேறு வேறு நிறத்தில் இருக்கட்டும். ஒரே பெட்டிக்குள் அவற்றைச் சுருட்டி வைக்காதீர்கள். குடிநீர் நிரப்ப வேண்டுமென்றால் கை சுத்தமாக இருக்கும்போதே, முதலில், தனி இடத்தில் நிரப்புங்கள். கழிவு வேலை கடைசியில். ஒருமுறை பயன்படுத்தி எறிகிற கையுறை ஒரு பெட்டி சில டாலர்தான். வண்டியோடு ஹோஸ் சேருகிற இடத்தில் முழங்கைபோல் வளைந்த, ஒளி ஊடுருவும் குழாய்த் துண்டு ஒன்றை மாட்டினால் தொட்டி காலியானதா, தெளிந்த தண்ணீர் வருகிறதா என்பது தெரிந்துவிடும். ஹோஸைக் கழற்றி எட்டிப் பார்க்கத் தேவையில்லை.

தண்ணீர், மின்சாரம், கழிவு என முழு இணைப்பு உள்ள இடத்தில் தங்கினால் பிளாக் டேங்க் வால்வைத் திறந்தே வைத்திருப்பவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கும் சொல்கிறேன். தண்ணீர் மட்டும் ஓடிப்போகும், திடக்கழிவு தொட்டியின் அடியில் குவிந்து காய்ந்து பாறையாகிவிடும். பிறகு நாற்றம் என்று புலம்பிக் கடையில் உள்ள மருந்தையெல்லாம் வாங்கிக் கொட்டுவீர்கள். அதிலும் ஃபார்மால்டிஹைடு கலந்ததைக் கொட்டினால், கேம்ப்கிரவுண்டின் செப்டிக் தொட்டியில் கழிவை மக்கச்செய்கிற பாக்டீரியாக்கள் செத்துப்போகும். வால்வை மூடி வையுங்கள். தொட்டி மூன்றில் இரண்டு பங்கு நிறைந்த பிறகு திறந்தால் அந்த வேகத்திலேயே எல்லாம் அடித்துக்கொண்டு போகும். கழிப்பறைக்குப் போகிற ஒவ்வொரு முறையும் தாராளமாகத் தண்ணீர் விடுங்கள். ஈரத்துடைப்பான் பொட்டலத்தில் "கழிப்பறையில் போடலாம்" என்று அச்சிட்டிருந்தாலும் போடாதீர்கள், அது கரையாது.

இதெல்லாம் என்ன ராக்கெட் விஞ்ஞானமா? இல்லவே இல்லை. ஒரு குழந்தைக்குச் சொன்னால் ஒரே தடவையில் புரிந்துகொள்ளும். புரிந்தும் செய்யாதவர்களைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. "நான் கிளம்பிவிடுவேன், இனி இந்தப் பக்கம் வரப்போவதில்லை" என்கிற நினைப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம். நகர்ந்துகொண்டே இருக்கிறவனுக்கு அண்டை வீட்டார் கிடையாது என்று நினைக்கிறார்கள். கிடையாதா? அரிசோனாவில் குவார்ட்ஸைட் ஊருக்குப் பக்கத்தில் லா போசா என்ற பாலைவெளி இருக்கிறது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஆர்விக்காரர்கள் அங்கே மாதக்கணக்கில் தங்கலாம். வண்டி நிற்கிற இடத்தில் தண்ணீர் இணைப்பும் இல்லை, கழிவு இணைப்பும் இல்லை. இருக்கிற கூட்டம் முழுக்க ஒரு பொது இடத்துக்கு வந்துதான் கொட்ட வேண்டும், பிடிக்க வேண்டும். அங்கே ஒருவர் செய்கிற அசிங்கம் எத்தனை பேர் வயிற்றுக்குள் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

யோசிக்க மாட்டார்கள். முடிவில் என்ன நடக்கிறது? நிர்வாகம் குடிநீர்க் குழாயையே கழற்றிவிடுகிறது, அல்லது டம்ப் ஸ்டேஷனுக்குப் பூட்டுப் போடுகிறது. இலவசமாகக் கிடைத்ததற்குத் தனியார் இடத்தில் 10 டாலர், 20 டாலர் கொடுத்துக் கொட்டிவிட்டு வருகிறோம். ஒழுங்காகச் செய்கிறவர்களும் சேர்ந்துதான் கொடுக்கிறோம்.

கேம்ப்கிரவுண்டைக் கவனித்துக்கொள்கிற கேம்ப் ஹோஸ்டிடம் போய்ச் சொன்னேன். பெரும்பாலான ஹோஸ்டுகளைப் போல அவரும் சம்பளம் வாங்காத தன்னார்வலர், வயதானவர். முகத்தில் களைப்பு தெரிந்தது. பிளீச் வாளியோடு வந்து குழாயை முழுவதும் கழுவி, எங்களுக்கெல்லாம் மன்னிப்பும் கேட்டார். எதற்கு அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும்? கேட்க வேண்டியவர் அதற்குள் 30 மைல் போயிருப்பார்.

பேச்சு வந்ததால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். அன்றிரவு பிரைஸ் கேன்யன் தேசியப் பூங்கா பக்கம் வந்து தங்கினோம். விளக்கு வெளிச்சம் கெடுக்காத வானத்துக்காக 2019இல் சர்வதேச இருண்ட வானப் பூங்கா என்று அங்கீகாரம் பெற்ற இடம். நிலவில்லாத இரவில் 7,500 நட்சத்திரங்கள் வரை பார்க்கலாம் என்று பூங்கா நிர்வாகமே சொல்கிறது. மாமியாருக்குப் பால்வீதியைக் காட்டலாம் என்று நாற்காலி போட்டால், எதிர் வண்டிக்காரர் கூரை ஓரம் முழுக்க நீல நிற எல்இடி விளக்குச் சரத்தை எரியவிட்டுவிட்டு உள்ளே போய்த் தூங்கிவிட்டார். விடிய விடிய எரிந்தது. யாருக்காக? கரடிக்காகவா? வெளியே ஆளில்லை என்றால் விளக்கை அணையுங்கள் ஐயா. சுவிட்ச் உங்கள் கதவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.